வேடியப்பன் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

விழாக் குழுப் பெரியவர்களுக்கும் என்னோடு படித்த பசங்களுக்கும் வணக்கம்.

இந்த வருஷம் தலைக்கட்டு வரி வாங்கி வேடியப்பன் கோயிலுக்கு டைல்ஸ் போடப் போகிறீர்கள், சாமியாக நாம் கும்பிடுகிற அந்தக் கல்லுக்கும் எனாமல் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தரை போடுங்கள், கூரை போடுங்கள், என் வரியும் வந்து சேரும். கல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது பூசாரி மாமா அபிஷேகம் முடித்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்ததில், வில் பிடித்து நிற்கிற அந்த வீரனின் தோளுக்கு மேலே மூன்று வரி எழுத்து தெரிந்தது. நகத்தால் கீறின மாதிரி அவ்வளவுதான் ஆழம். வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதின பழைய எழுத்து முறை. கடைசியில் இருந்த 'கல்' என்ற சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. ஒரு கோட் பெயிண்ட் போதும், அதுவும் போய்விடும்.

மூன்று வரியில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் இதே மாதிரி ஒரு நடுகல், அதாவது செத்துப்போன வீரனுக்காக நட்ட கல், இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1,400 வருஷத்துக்கு முந்தியது. வாணகோ அரசரின் மருமகன் பொற்றொக்கையாரிடம் சேவகம் பார்த்த கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு விடவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்று நாய்க்கும் தனியாக ஒரு வரி, வீரன் பக்கத்தில் அதன் உருவமும் உண்டு. நாயின் பெயரை மறக்காமல் வெட்டி வைத்த ஊர் அது!

இதே மகேந்திரன்தான் மண்டகப்பட்டில் குகையைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தவன். பல்லவர் என்றால் நமக்கு அந்தக் குகையும் காஞ்சியும் மாமல்லபுரமும்தான். ராஜா பெயரில் ஆண்டைக் குறித்துவிட்டு, மிச்சமெல்லாம் மாட்டையும் எருமையையும் பற்றித் தமிழில் பேசுகிறது நம் பக்கத்துக் கல். அந்தக் காலத்தில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். தொறு மீட்கப் போய்ப் 'பட்டான்' என்றால் செத்தான். நம் வேடியப்பனும் அப்படி ஒருத்தனாக இருக்கலாம், அவன் நிஜப் பெயர் அந்த மூன்று வரிக்குள் இருக்கலாம்.

சாமியாக்கிக் கும்பிட்டதால்தான் இந்தக் கல் துணி துவைக்கிற கல்லாகப் போகாமல் தப்பித்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. மஞ்சளும் குங்குமமும் கழுவினால் போய்விடும், எனாமல் போகாது. எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று கம்பி பிரஷ் போட்டும் தேய்க்க வேண்டாம். போன தடவை சிமெண்ட் போட்டதில் பாதமே உள்ளே போய்விட்டது, இந்தத் தடவையாவது கல்லைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் தொல்லியல் துறைக்கு ஒரு மனு கொடுப்போம். வந்தால் கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றிப் படி எடுப்பார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

மனுவை நானே எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தலைவர் கையெழுத்து மட்டும் வேண்டும். பெயிண்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கோயில் இரும்பு கேட்டுக்கு அடித்துக்கொள்ளலாம், அது துருப்பிடித்துத்தான் கிடக்கிறது.