தானாக எதுவும் நடக்காது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: “உள்ளூர்க் குடும்பம் ஒன்று அன்போடு சேர்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும்.” தானாக! இங்கே குப்பைகூடத் தானாகப் போவதில்லை. பிரித்துப் போடாவிட்டால் வண்டிக்காரர் தொட மாட்டார். தங்களுக்குத் தெரியாததா?

அந்த அன்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மூரில் புதுக்குடித்தனம் வந்தால் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார். இங்கே வந்தவர்தான் போய் மணி அடிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இருவருமாகப் போய்ப் பெயரையும் எந்த மாடி என்பதையும் சொன்னால் வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் மூன்று மாதம் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முகம் கொடுத்துப் பேசாத ஜனங்கள்” என்று எழுதி அனுப்புகிறார்கள். நீங்களும் அச்சேற்றுகிறீர்கள்.

அழைப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மணிக்குக் காபியும் கேக்கும் என்றால் நான்கு மணிதான். கால் மணி தாமதமானால் போன் செய்ய வேண்டும். கால் மணி முன்னதாகப் போய் நிற்பதும் தொந்தரவுதான். சைவம் என்றால் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும், அதுவும் விளக்கமாக: மீன் கூடாது, பன்றிக் கொழுப்புத் துண்டு கூடாது, கேக்கில் ஜெலட்டின் கூடாது. மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால், சமைத்தவர் முகம் வாடும். பூங்கொத்தின் தாளைப் பிரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சிவப்பு ரோஜா காதலுக்கு, வெள்ளை லில்லி சாவுக்கு; இரண்டும் வேண்டாம். முக்கியமாக, மரியாதைக்கு ஒருமுறை “வேண்டாம்” என்பது நம் வழக்கம். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்க மாட்டார்கள், பசியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இவ்வளவு அன்பான குடும்பமும் கையெழுத்துப் போட முடியாத தாள் ஒன்று இருக்கிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இன்னார் இந்த வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் உறுதிச்சீட்டு 2015 நவம்பர் முதல் கட்டாயம். கணவர் முன்பே குடியிருக்கும் வீடானாலும் மனைவிக்குத் தனிச்சீட்டு வேண்டும். “வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும்” என்று தங்கள் பழைய தொடர் ஒன்று சொன்னதை நம்பிப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதும் கடிதம் எழுதினோம். பதில் இல்லை. பரவாயில்லை, தங்களுக்கு ஆயிரம் வேலை.

அடுத்தது தபால்பெட்டி. கணவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், மனைவி பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர். இருவரும் ஒரே வீடு என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி மனைவி பெயரையும் பெட்டியில் ஒட்டாவிட்டால் வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு மனைவி பெயருக்கும் கடிதம் வரும். வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், மாதம் 18.36 யூரோ. கணவரின் கட்டண எண்ணைக் குறித்துப் பதில் போட்டால் தீர்ந்தது. குப்பையில் போட்டால் இரண்டாவது பில் வரும்.

கல்யாணப் படத்தை மாட்ட, சத்தம் கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் டிரில் போட்டால், வரவேற்ற அதே குடும்பம்தான் முதலில் மேலே ஏறி வரும். இதையும் யாராவது எழுதலாம்.

புதிதாக வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள். தங்கள் கட்டுரைப் படங்களில் மனைவி எப்போதும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியாக நிற்பதையும் பல வருடமாகப் பார்த்து வருகிறோம். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான்: “இரண்டு வாரத்துக்குள் பதிவு, உரிமையாளர் சீட்டு, தபால்பெட்டியில் இருவர் பெயர்.” சமையல் குறிப்புக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
ஸ்டுட்கார்ட்