சவ்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பாலஸ்தீன யூதப் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடியதைப் பற்றிய என் ஆய்வேட்டை நேற்று மதியம் ஒப்படைத்துவிட்டேன். மடிக்கணினியும் மொழிபெயர்ப்பும் கைவிட்டுப் போன அந்த 11 நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை. கை இன்னும் லேசாக நடுங்குகிறது. அது நிற்பதற்குள் நன்றியைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் சவ்தா. எபிரேயத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் தோழியின் அக்கா மார்த்தாண்டத்திலிருந்து எருசலேமுக்குப் போய், 92 வயது அம்மா ஒருவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். அவர்தான் சவ்தா. 1920 தேர்தல் சமயத்து எபிரேயச் செய்தித்தாள் பக்கம் ஒன்றின் மங்கிய நகல்தான் என் கையில் மிஞ்சியிருந்தது. மொழிபெயர்ப்பு போனது போனதுதான். "சவ்தாகிட்ட கேட்டுப் பாக்கிறேன்" என்றார் அக்கா. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். சவ்தா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க, அக்கா தமிழில் சொல்ல, நடுவில் மாத்திரை, சூப் எல்லாம் முடிய, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. அங்கே இரவு 11 மணிக்கு அவர்களே கூப்பிட்டார்கள். தூக்கம் வரவில்லையாம், சொல் வந்துவிட்டதாம்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தின் யூதர்கள் தங்கள் பிரதிநிதிகள் சபைக்கு முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1920 ஏப்ரலில். பெண்களுக்கு ஓட்டு உண்டா என்ற சண்டையிலேயே தேர்தல் பலமுறை தள்ளிப்போயிருந்தது. கடைசியில் எருசலேமின் தீவிர மதப்பற்றாளர்களை விட்டுவிடாமல் இருக்க ஒரு சமரசம் செய்தார்கள். அவர்களுக்குத் தனிச் சாவடி, ஆண்கள் மட்டும் வரலாம். வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ஒவ்வொரு ஓட்டும் இரண்டாக எண்ணப்படும். என் ஏட்டில் இது ஓர் அடிக்குறிப்பு.

அந்த இடத்தில் சவ்தா படிப்பதை நிறுத்திவிட்டார். "எங்க அம்மா ஓட்டை அப்பாதான் போட்டார்" என்றாராம், சாதாரணமாக, ரேஷன் வாங்கியதைச் சொல்வதுபோல. 1949 ஜனவரியில் இஸ்ரேலின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது அம்மாவோடு 15 வயதுப் பெண்ணாக இவரும் வரிசையில் நின்றிருக்கிறார். உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "உங்க அப்பாவுக்கும் ஒண்ணுதானே?"

சண்டை போட்டவர்களைப் பற்றி மூன்று அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ரோசா வெல்ட்-ஸ்ட்ராஸ் நடத்திய பெண்கள் சமஉரிமைச் சங்கம் தனிப் பட்டியலில் நின்று 1920-இல் 5 இடமும் 1925-இல் 13 இடமும் பிடித்த கதை, முதல் சபையின் 314 பேரில் பெண்கள் 14 பேர் என்ற கணக்கு, பெண்கள் ஓட்டைப் பற்றிப் பொது வாக்கெடுப்பு என்று 1925 வரை இழுத்த இழுபறி, எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தபடியே இன்னொருவர் ஓட்டில் எண்ணப்பட்ட பெண்ணுக்கு அரைப் பக்கம்கூட இல்லை. நாலு வருஷமாக இதையே படிக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அடிக்குறிப்பை அன்றிரவே மேலே ஏற்றிவிட்டேன். புத்தகமாக வரும்போது அது தனி அத்தியாயமாக இருக்கும், இது சத்தியம்.

விடுதி அறைத் தோழிகள், நகலெடுக்கும் கடைத் தம்பி, மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கைப்பேசியிலேயே வேலை பார்த்த சித்தப்பா, கேட்காமலே பணம் அனுப்பிய மூன்று பேர் (யாரென்று தெரியும், சொன்னால் திட்டுவீர்கள்), அதட்டாமல் தேதி வாங்கித் தந்த நெறியாளர், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கிறேன், கொஞ்சம் தூங்கிவிட்டு.

சவ்தா ஒன்றே ஒன்று கேட்டார். அம்மாவின் பெயர் தமிழில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஒரு முழுத் தாளில் எழுதி, படம் பிடித்து இன்று காலை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். பூதக்கண்ணாடி தேவைப்படாத அளவுக்குப் பெரிய எழுத்தில்.