கெப்பசிட்டபின் குளிசை எடுப்பவர்களுக்கும் வீட்டாருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

போன மாதம் படுவான்கரையிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, உள்ளங்கால் எரியுது, பூசுறதுக்கு ஏதும் தாங்க" என்றார். செருப்பைக் கழற்றினார். பாதம் சிவந்து, குதியில் தோல் உரிந்திருந்தது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் கிளினிக் கொப்பியை நீட்டினார். குடல் புற்றுநோய்க்குக் கெப்பசிட்டபின். மருந்தை விடவேண்டிய ஓய்வுக் கிழமையிலும் குடித்திருக்கிறார். "அட்டையில மிச்சம் இருந்திச்சி, வீணாப் போகும் எண்டு..."

எங்கள் பிழையும் உண்டு. அதற்கு முன்னர் அவருடைய மகள் வாங்கிப் போன சத்துக் குளிசையில் போலிக் அசிட் இருந்தது. பாதம் எரிந்து தோல் உரிவது போன்ற இந்த மருந்தின் பக்கவிளைவுகளை அது கூட்டக்கூடியது. யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை.

வழமையாக இதை 14 நாள் குடித்து 7 நாள் விடச் சொல்வார்கள். அந்த ஏழு நாளில்தான் இரத்தக் கலங்களும் வாய், குடல் தோலும் தேறிவரும். எத்தனை குளிசை என்பதை உயரம், நிறை, சிறுநீரகத்தின் நிலை பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கலண்டரில் குடிக்கும் நாட்களை வட்டமிட்டு வையுங்கள்.

காலையும் இரவும், ஏறத்தாழ 12 மணித்தியால இடைவெளியில், சாப்பிட்டு அரை மணிக்குள் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ இடிக்கவோ கூடாது. ஒருவேளை தவறினாலோ சத்தி எடுத்தாலோ அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்காதீர்கள். நோன்போ விரதமோ பிடிப்பதென்றால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

உடம்பில் 38 பாகை செல்சியசைத் தாண்டிக் காய்ச்சல் இருந்தால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். வழமையைவிட நாளுக்கு நான்கு தடவை கூடுதலாக வயிற்றோட்டம் போனாலும், இரவில் எழும்பிப் போக நேர்ந்தாலும், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டாலும், உள்ளங்கையோ உள்ளங்காலோ நோவெடுத்தாலும் அடுத்த வேளைக் குளிசையைக் குடிக்காமல் கிளினிக்குக்கு அறிவியுங்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பலர் மறைக்கிறார்கள். பெரும்பாலும் சில நாள் இடைவெளி விட்டு, அளவைக் குறைத்துத் தொடர்வார்கள்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் மணலில் வெறுங்காலோடு நிற்பதையும் தீமிதிப்பையும் இந்த மருந்து எடுக்கும் காலத்தில் தவிர்த்துவிடுங்கள். அம்மன் கோவிக்கமாட்டா.

இரத்தம் உறையாமலிருக்க வோர்பரினோ வலிப்புக்குப் பெனிற்றொயினோ எடுப்பவர்கள் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும். எங்களிடம் இருமல் பாணி வாங்க வந்தாலும் கொப்பியைக் கொண்டுவாருங்கள். குளிசை எடுத்துக்கொடுப்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

மிஞ்சியவற்றை வாவியிலோ கக்கூசிலோ போடாமல் கிளினிக் மருந்தகத்தில் கொடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் எங்களிடம் தந்தால் நாங்கள் சேர்ப்பிப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையினர்,
கல்லடி, மட்டக்களப்பு