கிரில்லின் கையிலிருந்த வாள்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மார்ச் 1, நாம் சேர்ந்து படித்த ‘டிராகன் பால்’ ஜப்பானியப் படக்கதையை எழுதி வரைந்த அகிரா டோரியாமா மறைந்த நாள். 2024இல் அந்தச் செய்தி ஒரு வாரம் கழித்து 8ஆம் தேதிதான் வெளியானது. அன்றிரவு நீ இரண்டு முறை அழைத்தாய். தொலைபேசி என் கையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நமக்குள் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. உறவினர்கள் இதைப் படிப்பார்கள், அம்மாவிடமும் யாரேனும் வாசித்துக் காட்டுவார்கள்.

மின்சாரம் இல்லாத அந்த இரவில் மொட்டை மாடியில் டார்ச் விளக்கை நீ பிடித்திருந்தாய். பக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். எலும்புகள் நொறுங்கிக் கதாநாயகன் கோக்கு தரையில் கிடக்கிறான். பூமியைத் தாக்க வந்து தோற்ற வெஜிட்டா தன் விண்கலத்தை நோக்கி மண்ணில் ஊர்ந்து போகிறான். தோழன் யாஜிரோபேயின் வாளை எடுத்துக்கொண்டு கோக்குவின் நண்பன் கிரில்லின் அவன் தலைமாட்டில் வந்து நிற்கிறான். "குத்து, குத்துடா" என்று நீ அந்தப் படத்தின்மேல் கட்டைவிரலை அழுத்தினாய். முறுக்கு தின்ற விரல். அந்த எண்ணெய்க் கறை இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல், தொகுதி உன்னிடம்தான் இருக்கிறது. கோக்கு தடுத்ததும் நீ அழுதாய். அவனை விட்டுவிடுவதே சரி என்று நான்தான் உனக்கு வெகுநேரம் எடுத்துச் சொன்னேன். அப்படிச் சொன்ன நானே பிற்காலத்தில் உனக்குக் கதவைத் திறக்கவில்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

ஆனால் ஒன்றை நீயும் எண்ணிப் பார்க்க வேண்டும். விட்டுவிடச் சொன்ன கோக்கு இரக்கத்தால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இவ்வளவு வலிமையான ஒருவனோடு இன்னொரு முறை மோத வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கு இருந்தது, அது தன் சுயநலம் என்று அவனே ஒப்புக்கொண்டான். யாம்சா, டென்ஷின்ஹான், சாவோட்சு, பிக்கோலோ என்று அந்தச் சண்டையில் தன் பக்கத்தவர் நால்வரைப் பறிகொடுத்துவிட்டு, வாளைக் கையில் பிடித்தபடி அந்த வேண்டுகோளைக் கேட்டவன் கிரில்லின். அந்தக் கதையின் ஆகப்பெரிய வீரச்செயல் அவன் வாளைத் தாழ்த்தியதுதான் என்று இன்றும் நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் கோக்குவாக இருந்து என்னிடம் "விட்டுவிடு" என்றார்கள். வாள் யார் கையில் இருந்தது, அது எவ்வளவு கனத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

நாமெக் கிரகத்தில் கொடுங்கோலன் பிரீசாவுக்கும் கோக்கு தன் சக்தியில் கொஞ்சம் கொடுத்து, பிழைத்துப் போ என்றுதானே விட்டான்? அவன் அந்தச் சக்தியைக் கொண்டே கோக்குவின் முதுகைக் குறிவைத்தான். நீ வாசலில் வந்து நின்ற நாளில் உன் முகத்தைப் பார்த்து, நீ பிறகு திருந்திய வெஜிட்டாவா, கடைசிவரை திருந்தாத பிரீசாவா என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை; சாக்காகப் படும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

பின்னாளில் நீ வெஜிட்டாவின் பக்கம் போனாய். மஜின் பூ என்ற அரக்கனை அழிக்கத் தன்னையே வெடிக்கச் செய்யும் முன் அவன் தன் மகன் டிரங்க்ஸை முதன்முறையாக அணைத்துக்கொள்ளும் இடத்தில் உன்னோடு சேர்ந்து நானும் கலங்கினேன். ஆனால் நாமெக்கில் வரம் தரும் டிராகன் பால் உருண்டை ஒன்றே ஒன்றுக்காக ஒரு கிராமத்தையே அவன் கொன்றுபோட்டதை நினைத்து நீ ஒரு நாளாவது கலங்கியிருக்கிறாயா? அதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். டோரியாமா அதை மறக்கவில்லை. இறந்தபின் அவ்வுலகில் ககரோட்டை, அதாவது கோக்குவை, பார்க்க முடியுமா என்று வெஜிட்டா கேட்டதும், பாவமற்ற பலரைக் கொன்றவன் நீ, முடியாது என்று பிக்கோலோ ஒளிக்காமல் சொல்கிறான். ஒரு காலத்தில் உலகையே ஆளத் துடித்தவன், பிறகு கோக்குவின் மகன் கோஹானுக்காக, வெஜிட்டாவின் கூட்டாளி நாப்பாவின் தாக்குதலைத் தன் உடலில் வாங்கிச் செத்தவன், அந்தப் பிக்கோலோ அதைச் சொன்னதால்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

இந்த வாரம் கடைசித் தொகுதியை மறுபடி படித்தேன். மிகத் தீயவர்களைத் தவிர்த்து, இறந்தவர்களை எல்லாம் உயிர்ப்பிக்கும்படி வரம் தரும் டிராகன் போருங்காவிடம் கேட்கிறார்கள். வெஜிட்டாவின் தலைக்கு மேலிருந்த, இறந்தவன் என்று காட்டும் வளையம் மறைந்துபோகிறது. அவனுக்கே அது வியப்பு. யாரும் அவனுக்காகத் தனியாகப் பரிந்து பேசவில்லை. அந்த நிபந்தனையிலேயே அவன் தேறிவிடுகிறான். அந்த ஒரு படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, நீ வந்தால் முதல் அரை மணி நேரம் சரியாகப் பேசமாட்டேன். ஆனாலும் வா. சித்திரை பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. பிள்ளைகளையும் கூட்டி வா. நாற்பத்திரண்டு தொகுதிகளில் நாற்பத்தொன்று இங்கே அலமாரியில் இருக்கிறது. உன்னிடம் இருப்பதை மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
அண்ணன்