உப ஒப்பந்தக் குழுவின் லொகினுக்கும் முடிவுத் திகதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் தோட்ட வீடமைப்பு, பாதை, மண்சரிவைத் தடுக்கும் மதில் என்று பல வேலைத்தலங்கள் ஒரே காலத்தில் நடக்கின்றன. வரைபடம், அளவுப் பட்டியல், பரிசோதனைப் பதிவு யாவும் போன் செயலிக்கு வந்துவிட்ட இடங்களும் உண்டு. இன்று ஹட்டனில் வயரிங் இழுக்கும் குழு அடுத்த மாதம் பண்டாரவளையில் நிற்கும். அந்தக் குழுவுக்கு எந்தத் தளத்தில் எதைத் திறந்துவிட்டோம் என்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

உப ஒப்பந்தக்காரருக்கு ஒரே லொகின், அதையே பாஸ்மாரும் உதவியாட்களும் பாவிப்பது என்ற வழக்கம் நிற்க வேண்டும். கொங்கிரீட் போடுமுன் கம்பிக்கட்டைப் பார்த்து ஒப்புதல் அழுத்தியது யார் என்று பிறகு கேட்டால், பதிவில் இருப்பது ஒரே பெயர்தான். ஆளுக்கொரு லொகின் கொடுங்கள். உதவியாளுக்குப் பார்வை மட்டும், மேற்பார்வையாளருக்குப் படமும் நாளறிக்கையும் ஏற்றும் உரிமை போதும். ஒப்புதல் பிரதான ஒப்பந்தக்காரரின் பொறியியலாளரிடம் இருக்கட்டும். வயரிங் குழுவுக்கு மற்றவர்களின் விலைவீதம் தெரிய வேண்டியதில்லை; தெரிந்தால் அடுத்த கேள்விமனுவில் அதன் விளைவைக் காணலாம்.

உரிமையைத் தளவாரியாகவே கொடுக்க வேண்டும். பல செயலிகளில் ஒருவரை நிறுவன மட்டத்தில் சேர்த்தால் இனி வரும் தளங்களும் அவருக்குத் தானாகவே திறக்கும். ஒரு தளத்திலிருந்து நீக்கினாலும் நிறுவனக் கணக்கு உயிரோடிருக்கும். இரண்டையும் பாருங்கள். ஆனால் கணக்கை அழித்துவிடாமல் முடக்குங்கள். அழித்தால் பழைய கையொப்பங்களின் உரிமையாளர் பெயர் மறையக்கூடும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலை முடிந்தபின் தெரியவரும் குறைகளை ஒப்பந்தக்காரரே திருத்த வேண்டிய காலம்) முடியும்வரை அவரவர் வேலைக்குரிய கோப்பு பார்வைக்கு இருந்தால் நல்லது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை என்பதால் வரைபடத்தைப் போனில் இறக்கி வைக்கிறார்கள். லொகினை நிறுத்தினாலும் அந்தப் பிரதி போனிலேயே தங்கிவிடலாம். வெட்டிய சரிவில் ஊற்று தெரிந்து, மதிலின் நீர்வடி குழாய்களை நெருக்கமாக வைக்கும்படி வரைபடம் திருத்தப்பட்டாலும், பழைய பிரதிக்காரர் பழைய இடைவெளியிலேயே குழாய் வைப்பார். மழைக்காலத்தில் மதிலின் பின்னால் நீர் தேங்கும், அழுத்தம் கூடும், மதில் சாயவும் கூடும். கீழே லயன் வீடுகள் இருந்தால் அங்கு உறங்குபவர்களின் கதி என்ன? அதனால் வரைபடத்தின் நடைமுறையிலுள்ள திருத்த இலக்கத்தைத் தினமும் காலையில் தளப் பலகையில் எழுதுங்கள். குழு சிக்னல் உள்ள இடத்திலேயே செயலியைப் புதுப்பித்துவிட்டு மேலே ஏறட்டும். வட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல் இணைப்பை (லிங்க்) மட்டும் அனுப்புங்கள்.

சிம் மாற்றுபவர்கள் அதிகம். கைவிட்ட இலக்கம் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம், லொகினுக்கு வரும் ஓ.டி.பியும் அவருக்கே போகும். திங்கட்கிழமைதோறும் வரவுப் பதிவேட்டையும் பயனர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போனவர்கள் யார், இலக்கம் மாறியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். நிர்வாகி உரிமை இருவரிடமாவது, நிறுவன மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

வேலை வழங்கும் அரச நிறுவனங்களும் அதிகாரசபைகளும் உப ஒப்பந்தப் பத்திரத்திலேயே பயனர் பட்டியலையும் லொகின்களின் முடிவுத் திகதியையும் கேட்க வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன் கணக்குகள் முடக்கப்பட்டதற்கான பதிவையும் பெற வேண்டும்.

கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்