அமைச்சர் அரட்டை அடித்தாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் ஆங்கிலச் சொற்களை விளக்கும் பகுதியில், சென்ற வாரம் 'சாட்' என்பதற்கு 'அரட்டை' என்று ஒரே சொல்லில் பொருள் தந்து முடித்திருந்தீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால், அதை அப்படியே கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

'சாட்டர்' என்னும் சொல்லின் குறுக்கமே 'சாட்'. பறவைகள் விடாமல் கீச்சிடுவதைக் கேட்டுப் பிறந்த ஒலிக்குறிப்பு அது. நம்முடைய 'சளசள'வுக்கு உறவுமுறை என்று சொல்லலாம். தொடக்கத்தில் அது வீண்பேச்சையே குறித்தது என்பதால் தங்கள் விளக்கத்தை முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழிப்பு ஆங்கிலத்தில் எப்போதோ தேய்ந்துவிட்டது. 1933 மார்ச்சில் அமெரிக்க வங்கிகள் மூடிக்கிடந்த நாள்களில் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் மக்களிடம் பேசத் தொடங்கிய உரைகளுக்கு, குளிர்காய்ந்தபடி பேசும் 'சாட்' என்னும் பொருளிலேயே பெயர் அமைந்தது. பேசியவர் அவர் ஒருவரே, பேசிய பொருளோ முதலில் வங்கி நெருக்கடி, பின்னர் போர் என்றாலும், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து விளக்குவதுபோன்ற தொனியால் அப்பெயர் நிலைத்தது. அவற்றை அரட்டை என்று மொழிபெயர்க்க யார் துணிவார்? அமைச்சர் விவசாயிகளோடு 'சாட்' செய்தார் என்ற ஆங்கிலச் செய்தியைத் தங்கள் விளக்கத்தின்படி தமிழாக்கினால், மறுநாளே மறுப்பறிக்கை வந்துவிடும்.

தமிழில் அரட்டை 'அடிக்க'ப்படுவது. வகுப்பறையில் அதட்டி நிறுத்தப்படுவது. 2021இல் சோஹோ மென்பொருள் நிறுவனம் தன் செய்திப் பரிமாற்றச் செயலிக்கு அப்பெயரையே சூட்டியதால் கடுமை சற்றுக் குறைந்திருக்கலாம்; ஆயினும் பெரியவர் ஒருவரிடம் "உங்களோடு அரட்டை அடிக்க வந்தேன்" என்று சொல்ல நமக்கு இன்னும் நா எழாது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நம்மவர் 'சாட் பண்ணினேன்' என்றால் கைப்பேசியில் தட்டச்சிட்டுப் பேசியதையே குறிப்பர். ஆங்கிலேயரோ வேலியோரம் நின்று பக்கத்து வீட்டாரோடு வானிலை பேசுவதையும் அதே சொல்லால் குறிப்பர். (சாட் கடையில் பேல்பூரி தின்பது வேறு, அந்தச் சொல் இந்தியிலிருந்து வந்தது.)

நேரான தமிழ்ச்சொல் நம்மிடம் இல்லாமல் இல்லை. சுற்றத்தாரோடு அளவளாவாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நீர் நிறைவதற்கு ஒப்பிடுகிறது 523ஆம் குறள். 'அளவளாவுதல்' என்பதில் நெருக்கம் இருக்கிறது, பழிப்பு இல்லை. அது ஏட்டுச்சொல்லாகப் படுமானால், இலங்கைத் தமிழர் நாள்தோறும் சொல்லும் 'கதைத்தல்' இருக்கிறது.

ஆகவே அடுத்த இதழில் அளவளாவுதலை முதற்பொருளாகவும் அரட்டையை அதற்குப் பின்னும் வெளியிட வேண்டுகிறேன். மேலதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டு "ஒரு சாட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தால் அது பெரும்பாலும் கண்டிப்பதற்காகத்தான் என்பதையும், புதிதாக வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.