ஒரே பரிசோதனை போதாது

நடுவயது ஆண்களின் தீராத சோர்வு, பாலுறவு நாட்டக் குறைவு ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள் என்று அது வலியுறுத்தியது மிகச் சரி. ஆனால் இவற்றுக்குக் காரணமாகக் கூடிய டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களின் முக்கியப் பாலியல் ஹார்மோன்) குறைபாட்டைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை அது விளக்காமல் விட்டது பெருங்குறை. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் குறைவதால், வெறும் வயிற்றில், காலை வேளையில், வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து, அறிகுறிகளும் பொருந்தினால் மட்டுமே குறைபாடு என முடிவு செய்ய வேண்டும்.

என் 48ஆம் வயதில், மாலையில் எடுத்த ஒரே பரிசோதனையை நம்பி, மாதக்கணக்கில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட வேண்டும் என்று சொல்லப்பட்டது. வேறொரு மருத்துவர் காலையில் இருமுறை பார்த்தபோது அளவு இயல்பாகவே இருந்தது. உறக்கத்தில் மூச்சு தடைபடுவதே என் சோர்வுக்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை அந்த மூச்சுத்தடையை மோசமாக்கக் கூடியது. இரத்தச் சிவப்பணுக்களை மிகையாக்கும். விந்தணு உற்பத்தியையும் ஒடுக்கும் (குழந்தை வேண்டும் தம்பதியருக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் வருத்தம்). உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை பெரும் நன்மை தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, ஆய்வகங்கள் இரத்தம் எடுத்த நேரத்தை முடிவுக்கு அருகிலேயே அச்சிட்டு, பிற்பகல் மாதிரியாக இருந்தால் காலையில் மீண்டும் பரிசோதிக்குமாறு அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும்.

— ஒரு வாசகர்